ரெபாக் தீவில் ஏழு மாதம்: படகைக் கரையேற்றியதும் இறக்கியதும்

எங்கள் 34 அடி பாய்மரப் படகை ஏப்ரல் கடைசியில் லங்காவியை ஒட்டியுள்ள ரெபாக் தீவு மரினாவில் (பாய்மரப் படகுகளுக்கான சிறு துறைமுகம்) கரையேற்றிவிட்டுப் பினாங்கு திரும்பினோம். நவம்பர் கடைசியில் நானும் தம்பியும் போய், பதினொரு நாள் வேலை பார்த்து, மறுபடி தண்ணீரில் இறக்கினோம். மழைக்காலத்துக்குப் படகை எங்கே விடுவது என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இடம் அருமை. கடல் தீவுக்குள் புகுந்த குளம் போல இருக்கிறது. வாய் குறுகல், சுற்றிலும் கரை. தென்மேற்குப் பருவக்காற்றில் வெளியே அலை புரளும்போதும் உள்ளே தண்ணீர் அசையாது. லங்காவி புயல் பாதைக்கு வெளியே இருப்பதால்தான் இத்தனை நாட்டுப் படகுகள் இங்கே வருகின்றன. 2004 சுனாமியில் இந்த மரினாவும் அடி வாங்கியது. அதை நினைத்தே, மிதக்க விடாமல் கரையில் ஏற்றச் சொன்னேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. நம் வெயிலிலும் ஈரத்திலும் ஓடும் படகைவிட நிற்கும் படகுதான் சீக்கிரம் கெடுகிறது. இதற்கு முந்தைய வருடம் வேறொரு படகு யார்டில் கதவைப் பூட்டிவிட்டு வந்தோம். திரும்பிப் போனபோது மெத்தை முழுக்கப் பூஞ்சணம், அடியிலுள்ள கடல்நீர் வால்வு இரண்டும் இறுகிப்போய்க் கிடந்தன. அதனால் இந்த முறை, படகுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மலாய்க்கார அபாங்கை (மலாயில் அண்ணன்) மாதம் 200 ரிங்கிட்டுக்கு நாங்களே தனியாக அமர்த்தினோம். மாதம் இரண்டு தடவை திறந்து காற்றோட்டம் விட வேண்டும், வால்வுகளைத் திருகிப் பார்க்க வேண்டும், பேட்டரியைச் சார்ஜ் செய்ய வேண்டும், அவ்வளவுதான் வேலை. போன அன்று கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்தப் புழுக்க வாடை இல்லை. நிம்மதியில் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் அருமை மூன்றாம் நாள்தான் முழுதாகப் புரிந்தது. குழாய்த் தண்ணீரை வாளியில் விட்டு, அதை இஞ்சின் உறிஞ்சும்படி வைத்து, எங்கள் பழைய யான்மாரை ஓட்டிப் பார்த்தோம். இருபது நிமிடம் சுகமாக ஓடியது. அப்புறம் சத்தம் தேய்ந்து நின்றது. டீசல் வடிகட்டிகளை மாற்றினோம், மறுபடி நின்றது. “பம்ப் போச்சு அக்கா” என்றான் தம்பி. லங்காவியில் பம்ப் கிடைக்குமா என்று நான் போனை எடுத்த நேரத்தில் அபாங் ஏறி வந்தார். “காக் (அக்கா), கொஞ்சம் பொறுங்கள்” என்று டீசல் தொட்டியின் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. தொட்டி மூச்சுவிடும் துளை அடைத்திருக்கிறது, காற்று உள்ளே போகாததால் டீசல் இஞ்சினுக்கு வரவில்லை என்றார். துளை பின்பக்கம், சுண்டுவிரல்கூட நுழையாது. கம்பியை விட்டுக் குடைந்ததும் செம்மண் உருண்டை ஒன்று உடைந்து விழுந்தது. குளவிக்கூடு! உடைந்த மண்ணுக்குள் நான்கைந்து குட்டிச் சிலந்திகள், கால் மடங்கியபடி. குஞ்சுக்காகக் குளவி பிடித்து வைத்த தீனி. துளை திறந்தபின் இஞ்சின் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. இனி படகை விடுமுன் ஒவ்வொரு துளைக்கும் கொசுவலைத் துணி கட்டப்போகிறேன், நீங்களும் கட்டுங்கள்.

அடிப்பாக வேலை பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் உடம்பு வலிக்கும். பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்கப் பூசும் பெயின்டில் செம்பு இருக்கிறது. பழையதைத் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும், தூள் மூச்சில் போகவே கூடாது. காலைப் பசியாறிவிட்டு, பனி காய்ந்ததும் தொடங்கி, மதிய மழைக்கு முன் ஒரு கோட். மொத்தம் இரண்டு கோட். நீர்மட்டக் கோட்டிலும் சுக்கானின் முன்விளிம்பிலும் மூன்று. படகைத் தாங்கி நிற்கும் முட்டுக்கட்டைகளுக்கு அடியில் பூச யார்டு ஆட்களைக் கூப்பிட்டோம். ஒவ்வொன்றாக நகர்த்திக் கொடுத்தார்கள். அதை நாமாகத் தொடவே கூடாது. புரொப்பெல்லர் அரிக்காமலிருக்க அதற்குப் பதிலாகத் தாமே கரையும் துத்தநாகக் கட்டிகள் பாதி கரைந்திருந்தன, அவற்றையும் மாற்றினோம். அதன் மேல் மட்டும் பெயின்ட் படக் கூடாது, பட்டால் அது கரையாது. நமது புரொப்பெல்லர்தான் அரிபடும்.

தீவு என்பதால் ஒரு சிரமம் உண்டு. மறந்துபோன ஒரு திருகாணிக்கும் ஃபெர்ரி பிடித்து லங்காவிக்குப் போக வேண்டும், அரைநாள் போய்விடும். 1987 முதல் லங்காவி தீர்வையில்லாத் தீவு. ஆனால் எல்லாச் சாமானும் கடையில் இருக்கும் என்று நம்பி வராதீர்கள். இம்பெல்லர் (தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரம்), பெல்ட், வடிகட்டி எல்லாம் இரண்டிரண்டாகக் கொண்டுவாருங்கள்.

இறக்கிய அன்று எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். படகைப் பட்டைகளில் தொங்கவிட்டுத் தூக்கிச் செல்லும் டிராவல் லிஃப்டில் படகு தண்ணீரைத் தொட்டதும் ஓட்டுநர் பட்டைகளைத் தளர்த்தாமல் அப்படியே நிறுத்திக்கொண்டார். தம்பி உள்ளே போய்த் தரைப்பலகைகளைத் தூக்கி, புரொப்பெல்லர் தண்டு வெளியே போகும் இடத்தையும் வால்வுகளையும் டார்ச் அடித்துத் தொட்டுப் பார்த்தான். பத்து நிமிடமாவது ஆகியிருக்கும், யாரும் அவசரப்படுத்தவில்லை. “காஞ்சு கிடக்குது அக்கா!” என்று குரல் வந்த பிறகுதான் பட்டை தளர்ந்தது.

டிசம்பரில் வடகிழக்குக் காற்று நிலைத்ததும் தாய்லாந்துத் தீவுகளான தாருதாவ், லிப்பே வழியாகப் புக்கெட் வரை போகிறோம், சுமார் 120 கடல் மைல். ஏப்ரலுக்கு இதே இடத்தை இப்போதே கேட்டு வைத்திருக்கிறோம். அபாங்கிடமும் சொல்லியாகிவிட்டது.