மேசைக் கணினிக்கு எது: பெபிளா, எடிஃபையரா, ஈரிஸா?

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் எத்தனை வாட்ஸ் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் மேசையை ஒருமுறை பாருங்கள்: சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறதா, கொஞ்சம் தள்ளியா? இரண்டரை அடி தூரத்தில் உட்கார்ந்து கேட்க 20 வாட்ஸே தாராளம். பெட்டியில் ஆயிரக்கணக்கில் பிஎம்பிஓ (கணநேர உச்ச சக்தி) என்று அச்சிட்டிருந்தால் அதை நம்பாதீர்கள். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி, எவ்வளவு என்று கேளுங்கள்.

கிரியேட்டிவ் பெபிளுக்குத் தனி பிளக் வேண்டாம், யுஎஸ்பி மின்சாரமே போதும். மொத்தம் 4.4 வாட்ஸ். 2 அங்குல டிரைவர்கள் (ஒலி எழுப்பும் கூம்புகள்) 45 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் பேச்சு தெளிவாகக் காதுக்கு வரும். ஆன்லைன் வகுப்புக்கும் செய்திக்கும் இதுவே நல்ல தேர்வு. ஆனால் மிருதங்கத்தில் தொப்பி (இடப்பக்க) அடி மெலிந்துவிடும், கும்கி என்ற வளைந்தெழும் அடிநாதம் எழாது.

அந்தக் கும்கி வேண்டுமென்றால் எடிஃபையர் ஆர்1280டி (R1280T). தாழ்ந்த ஒலிக்கு 4 அங்குல வூஃபர், உயர்ந்த ஒலிக்குப் பட்டு டோம் ட்வீட்டர், மொத்தம் 42 வாட்ஸ். பேஸ் போர்ட் (தாழ்ந்த ஒலிக்காகப் பெட்டியில் விடும் காற்றுத் துளை) முன்பக்கம் இருக்கிறது. நம் வீடுகளில் மேசையைச் சுவரோடு ஒட்டித்தான் போடுகிறோம், அதற்கு இந்த அமைப்புதான் தோது. வால்யூம், பேஸ், ட்ரெபிள் திருகுகள் வலது பெட்டியின் பக்கவாட்டில் இருக்கின்றன, ரிமோட்டும் உண்டு. பழைய திரைப்பாடலோ புதியதோ, இதில் இதமாகக் கேட்கும். ப்ளூடூத்தும் ஆப்டிகல் (ஒளி கேபிள்) இணைப்பும் வேண்டுவோருக்கு ஆர்1280டிபி (R1280DB) இருக்கிறது.

பிரிசோனஸ் ஈரிஸ் இ3.5 வேறு ரகம். வூஃபர் 3.5 அங்குலம்தான், தாழ்ந்த ஒலியில் 80 ஹெர்ட்ஸ் வரை எட்டும். ஆனால் பதிவில் இருப்பதை மழுப்பாமல் காட்டிவிடும். பாடகர் மூச்சு வாங்குவது, வெட்டி ஒட்டிய இடத்தில் வரும் சின்ன 'டிக்' சத்தம், எல்லாம் கேட்கும். பாட்காஸ்ட், வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள் யோசிக்காமல் இதை எடுக்கலாம். ஒரே நிபந்தனை, போர்ட் பின்பக்கம் இருக்கிறது. சுவரிலிருந்து அரை அடியாவது முன்னால் தள்ளி வையுங்கள். இல்லையென்றால் பேஸ் வீங்கி, ஆண்குரல் பானைக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். தள்ள இடமில்லையா, பின்னால் உள்ள 'லோ' திருகைக் குறையுங்கள்.

மலிவான 2.1 செட் (இரண்டு குட்டி ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்குத் தனியாக ஒரு சப்வூஃபர் பெட்டி) எனக்கு ஒப்புதல் இல்லை. குட்டி ஸ்பீக்கர்களால் எட்ட முடியாத ஆண்குரலின் அடிப்பகுதி சப்வூஃபருக்குப் போய்விடுவதால், பேசுகிறவரின் பாதிக் குரல் மேசைக்கு அடியிலிருந்து வரும். கேம் மட்டும்தான் என்றால் சரி. அடுக்ககத்தில் கீழ்வீட்டாரையும் நினைக்க வேண்டும்.

எதை வாங்கினாலும் இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம முக்கோணமாக அமையட்டும். ட்வீட்டர் காது உயரத்துக்கு வரவேண்டும். கீழே தடித்த புத்தகம் வைத்து உயர்த்தினாலே மேசைப்பரப்பில் பட்டு எதிரொலிக்கும் கலங்கல் குறைந்து குரல் தெளிவது தெரியும். விண்டோஸில் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஸ்பீக்கர் திருகில் செய்யுங்கள்; அடியில் கேட்கும் 'ஸ்ஸ்' சத்தம் அடங்கும்.

'ங்ங்ங்' என்ற இரைச்சல் வந்தால் உடனே ஸ்பீக்கரைக் குறை சொல்ல வேண்டாம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் லூப், அதாவது எர்த் இணைப்பு இரு வழியாகச் சேர்வதால் வரும் இரைச்சல். கணினியையும் ஸ்பீக்கரையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் ஆடியோ கேபிளுக்கு நடுவே அந்த இரைச்சலைத் தடுக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றைப் போடுங்கள். எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் பிடுங்காதீர்கள்.