ரெஃபரன்ஸ் கவுண்ட், ஆர்.சி.யு., ஹசார்ட் பாயிண்டர்: பகிர்ந்த ஆப்ஜெக்டை எப்போது அழிப்பது?

ஒரு ஆப்ஜெக்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கைதான் ரெஃபரன்ஸ் கவுண்ட். பிடிக்கும்போது ஒன்று கூட்டு, விடும்போது ஒன்று கழி, பூஜ்யமானால் அழி. 1960லேயே கணினி அறிஞர் ஜார்ஜ் காலின்ஸ் சொன்ன கணக்கு இது. ஒரே த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை) என்றால் இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. த்ரெட்கள் பலவானால்தான் வம்பு.

ரஸ்ட் மொழி அந்த வம்பை இரண்டு டைப்பாகவே பிரித்து வைத்திருக்கிறது. ஆர்சி (Rc) சாதாரணமாகக் கூட்டும். வேறு த்ரெட்டுக்கு அனுப்பப் பார்த்தால் கம்பைலரே மறுத்துவிடும். ஆர்க் (Arc) அட்டாமிக்காக, அதாவது வேறு த்ரெட் நடுவில் புக முடியாதபடி ஒரே மூச்சில், கூட்டும். எதற்கும் இருக்கட்டும் என்று முதலிலேயே ஆர்க் போடுபவர்களை எனக்குப் புரிவதே இல்லை. தேவைப்பட்டால் கம்பைலர்தான் சொல்லிவிடுமே!

அட்டாமிக் கவுண்ட்டின் செலவு கேச்சில் (பிராசசரின் கோர்களுக்கு அருகே இருக்கும் சிறிய, வேகமான மெமரியில்) தெரியும். 16 கோர்கள் ஒரு ஆப்ஜெக்டைச் சும்மா படிக்கத்தான் செய்கின்றன. ஆனால் படிக்கும் முன் கவுண்ட்டை ஏற்ற வேண்டும், அது எழுத்து வேலை. கவுண்ட் இருக்கும் கேச் லைன் (கேச் ஒரே தடவையில் கையாளும் துண்டு), பெரும்பாலான பிராசசர்களில் 64 பைட், கோருக்குக் கோர் பந்தாடப்படும்.

அதைவிட ஆபத்தானது ஒரு சின்ன இடைவெளி. த்ரெட் 'அ' பொதுவான ஒரு பாயிண்டரை, அதாவது ஆப்ஜெக்ட் இருக்கும் மெமரி முகவரியை, படிக்கிறது. கவுண்ட்டை இன்னும் ஏற்றவில்லை. அதற்குள் த்ரெட் 'ஆ' புதிய ஆப்ஜெக்டை அங்கே வைத்து, பழையதன் கவுண்ட்டை 1லிருந்து 0 ஆக்கி, மெமரியை விடுவித்துவிடுகிறது. இப்போது 'அ' ஒன்றைக் கூட்டுவது யாருடைய மெமரியில்? கவுண்ட் எவ்வளவு அட்டாமிக்காக இருந்தாலும் இதற்கு மருந்தில்லை. பாயிண்டரைப் படிப்பதும் கவுண்ட்டை ஏற்றுவதும் ஒரே லாக்குக்குள் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு) நடக்க வேண்டும். இல்லையென்றால் வேறு வழி தேட வேண்டும்.

அந்த வேறு வழிகளில் ஒன்று ஆர்.சி.யு. (Read-Copy-Update). லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் 2002இல் வந்தது. படிப்பவர் பொது இடத்தில் எதையும் எழுதுவதில்லை. மாற்றுபவர்தான் புதிய பிரதியை வைத்துவிட்டு, பழையதைப் படித்துக்கொண்டிருந்த எல்லாரும் வெளியேறும்வரை காத்திருந்து அழிக்கிறார். படிப்பதில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் வழக்கமான கெர்னல் ஆர்.சி.யு.வில் படிக்கும் இடையே த்ரெட் தூங்கக் கூடாது, அதாவது வேறெதற்கோ காத்து நிற்கக் கூடாது. ஒருவர் இழுத்தடித்தால் பழைய பிரதிகள் குவியும்.

2004இல் மேகட் மைக்கேல் விவரித்த ஹசார்ட் பாயிண்டரில் அந்தக் குவியலுக்கு வரம்பு உண்டு. 'இந்த முகவரி என் கையில்' என்று ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென ஒதுக்கிய ஸ்லாட்டில் எழுதிவிட்டு, பாயிண்டர் மாறவில்லையே என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ளும். அழிப்பவர் எல்லா ஸ்லாட்டுகளையும் துழாவி, எதிலும் அந்த முகவரி இல்லையென்றால்தான் அழிப்பார். ஒவ்வொரு பாயிண்டருக்கும் இந்தச் சடங்கு என்பதால், நீளமான லிஸ்ட்டில் நடக்கும்போது சலிப்பூட்டும்.

கெர்னலில் அடிக்கடி தென்படும் கலவைதான் என் தேர்வு. தேடுவது ஆர்.சி.யு.வுக்குள், நீண்ட நேரம் கையில் வைத்திருக்க வேண்டுமானால் மட்டும் கவுண்ட், அதுவும் 'பூஜ்யமாக இல்லாவிட்டால் கூட்டு' என்ற ஃபங்ஷன் வழியாக. கவுண்ட் ஏற்கெனவே பூஜ்யமா? ஆப்ஜெக்ட் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு மறுபடி தேட வேண்டியதுதான்.