காரைக் கப்பலில் ஏற்றுவதா, போன இடத்தில் வாங்குவதா?

அமெரிக்கப் படையில் இருப்பவருக்கு வெளிநாட்டு மாற்றல் உத்தரவு வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்விகளில் ஒன்று, வாசலில் நிற்கும் காரை என்ன செய்வது என்பது. ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்துக்குப் போகிறவருக்கும் ஜப்பானில் ஒகினாவா தீவின் கடேனாவுக்குப் போகிறவருக்கும் ஒரே பதில் சரிவராது.

ஜெர்மனி என்றால் கொண்டுபோங்கள் என்பேன். அங்கும் வலப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஒரு காரை அரசுச் செலவிலேயே கப்பலில் அனுப்பலாம். அடிப்பகுதி வரை மண் போகக் கழுவி, டேங்க்கில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் இல்லாமல் ஒப்படைக்க வேண்டும். கார் கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வ சம்மதமும் தேவை. அதைக் கடைசி நேரத்துக்கு விட்டால் கார் துறைமுகத்தைத் தாண்டாது. அங்கே போன பிறகு ஜெர்மன் வாகன வரி கிடையாது, படையினருக்கான ரேஷன் அளவு வரை பெட்ரோலுக்கும் வரி இல்லை. பழக வேண்டியது வேறு சில விஷயங்கள்: பலகை இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும், பனி விழுந்தால் குளிர்கால டயர் கட்டாயம். பெரிய பிக்கப் டிரக் வைத்திருப்பவர் மட்டும் ஒரு தடவை யோசிக்கலாம். ஆட்டோபான் என்கிற ஜெர்மன் விரைவுச்சாலையில் அது ராஜா. பழைய ஊர்களின் சந்துகளிலும் நிலத்தடி பார்க்கிங்கிலும் படாதபாடு.

ஒகினாவா கதை வேறு. 1976 மார்ச் 31-க்குப் பிறகு தயாரான காரை அரசுச் செலவில் ஜப்பானுக்கு அனுப்ப முடியாது. அதற்குப் பதிலாக அமெரிக்காவிலேயே ஒரு காரை அரசுச் செலவில் நிறுத்தி வைக்கலாம். சொந்தக் காசில் கொண்டுபோய், ஜப்பானிய விதிகளுக்கு ஏற்ப மாற்றி ஓட்டுகிறேன் என்பவரைத் தடுக்க மாட்டேன், ஆனால் பணத்துக்கு வேறு நல்ல வழி இருக்கிறது.

அங்கே இடப்பக்கம் ஓட்ட வேண்டும். அமெரிக்கர் ஆண்ட காலத்தில் ஒகினாவாவே வலப்பக்கம்தான் ஓட்டியது. ஜப்பானிடம் திரும்பி ஆறு ஆண்டு கழித்து, 1978 ஜூலை 30 அன்று தீவு முழுவதும் ஒரேயடியாக இடப்பக்கம் மாறியது. நமக்கு அது இயல்பு. டெக்சாஸிலிருந்து வந்தவருக்கோ முதல் வாரம் திருப்பத்துக்குத் திருப்பம் வைப்பர் ஓடும், ஏனென்றால் இண்டிகேட்டர் கம்பி ஸ்டியரிங்கின் வலப்பக்கம் இருக்கிறது.

அதனால் அங்கே ஒரு பழைய ஜப்பானிய கார் வாங்குவதே வழி. 660 சிசி எஞ்சினும் மஞ்சள் நம்பர் பிளேட்டும் கொண்ட கேய் கார் என்ற குட்டிக் கார், ஒடுக்கமான தெருக்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. படையினரின் கார் பிளேட்டில் ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும், பெரும்பாலும் ஒய். உள்ளூர்க்காரர் பார்த்தவுடன் யார் கார் என்று தெரிந்துகொள்வார். நெடுஞ்சாலையிலும் பெரும்பாலும் 80 கிலோமீட்டர்தான் வேகம் என்பதால் பெரிய எஞ்சினுக்கு அங்கே வேலையும் இல்லை.

வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது கிலோமீட்டர் அல்ல, ஜேசிஐ இன்னும் எத்தனை மாதம் என்பது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும் ஜப்பானியச் சோதனையையும் கட்டாய இன்ஷூரன்ஸையும் சேர்த்துப் படையினர் இப்படிச் சொல்கிறார்கள். ஜேசிஐ முடியப்போகிற கார் மலிவாகக் கிடைத்தால், அந்த மலிவு சோதனைச் செலவிலேயே கரைந்துவிடும். அப்புறம் குனிந்து அடிப்பகுதியைப் பாருங்கள். கடல் உப்புக்காற்றில் கதவோரமும் சைலன்சரும் துரு ஏறிக் கிடக்கும். கட்டாய இன்ஷூரன்ஸ் மட்டும் போதாது. அடுத்தவருக்கு ஆகும் சேதத்தை ஏற்கும் லயபிலிட்டி பாலிசியும் தனியாக வேண்டும்.

குடித்துவிட்டு ஓட்டுவதில் ஜப்பானில் வரம்பு ரத்தத்தில் 0.03 சதவீதம், ஜெர்மனியில் 0.05. பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களின் 0.08-ஐ நினைத்துக் கணக்குப் போடக் கூடாது.

கார் இல்லாமலே காலத்தை ஓட்ட முடியுமா? ராம்ஸ்டைன் பக்கம் ரயில் நிலையம் இருக்கிறது, சமாளிக்கலாம். ஒகினாவாவின் ஒரே மோனோரயில் தலைநகர் நாஹாவிலும் பக்கத்து உராசோயேவிலும் நின்றுவிடுகிறது, கடேனாவை எட்டுவதில்லை.

திரும்பும்போது ஜெர்மனியிலிருந்து அதே கார் கப்பல் ஏறும். ஒகினாவாவில் விற்றுவிட்டோ பதிவை ரத்து செய்துவிட்டோதான் கிளம்ப வேண்டும். விமானம் ஏறும் நாள் வரை கார் தேவைப்படுகிறவர்கள், விற்கும் பொறுப்பை நண்பரிடம் விட்டு பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.