மாரத்தான்: தாரா, மண்ணா?

ஐந்து ஆண்டுகளில் ஏழு சாலை மாரத்தான், மூன்று டிரெயில் மாரத்தான் (காடு, மலை வழியே மண்பாதையில் ஓடுவது) ஓடியிருக்கிறேன். அடுத்த ஆண்டு வேலைப்பளுவில் ஒன்றுக்குத்தான் நேரம் என்று ஆனபோது டிரெயிலுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். காட்டின் அழகு, தனிமை, சுத்தமான காற்று எல்லாம் உண்மைதான். சாலையில் கைதட்டும் கூட்டமும் சில கிலோமீட்டருக்கு ஒருமுறை தண்ணீரும் கிடைப்பதும் உண்மைதான். என் முடிவுக்கு இவை காரணமில்லை.

முதலில் நேரக் கணக்கு. சாலை மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். அங்கீகாரம் பெற்ற பாதைகளைச் சைக்கிளில் பொருத்திய, சக்கரச் சுற்றுகளை எண்ணும் கருவியால் அளக்கிறார்கள்; குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியே போடுகிறார்கள். அதனால் ஒரு ஓட்டத்தின் நேரத்தை இன்னொன்றோடு ஓரளவு நியாயமாக ஒப்பிடலாம். என் சிறந்த நேரம் 4 மணி 2 நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை உதறுவதற்காக இரண்டு ஆண்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன், இன்னும் உதறவில்லை.

டிரெயிலில் இந்தக் கணக்கே செல்லாது. நான் கடைசியாக ஓடியது 42 கிலோமீட்டர், 1,900 மீட்டர் ஏற்றம். 7 மணி 20 நிமிடம் ஆனது. சர்வதேச டிரெயில் ஓட்டச் சங்கம் 100 மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டருக்குச் சமமாக வைக்கிறது. அந்தக் கணக்கில் நான் ஓடியது 61 கிலோமீட்டருக்குச் சமம். செங்குத்தான ஏற்றத்தில் எல்லோரும் நடக்கிறார்கள், நடப்பதில் வெட்கமும் இல்லை.

சரி, உண்மையான காரணத்துக்கு வருகிறேன்: ஓடி முடித்த பிறகு உடம்பைப் பராமரிக்கும் வேலை.

நிமிடத்துக்கு 170 காலடி, நான்கு மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட நாற்பதாயிரம் காலடி. சாலையில் அந்த நாற்பதாயிரமும் ஒரே மாதிரி. அதே கோணம், அதே மூட்டு, அதே தசை. எனக்கு 28-வது கிலோமீட்டர் தாண்டினால் வலது முழங்காலின் வெளிப்பக்கம் கத்தியால் கீறுவது போல வலிக்கும். ஷூவை மாற்றினேன், பயிற்சியைக் குறைத்தேன், வலி போகவில்லை. காரணங்களில் ஒன்று சாலையிலேயே இருந்தது என்று நினைக்கிறேன். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடு சற்று உயர்ந்து ஓரங்கள் தாழ்ந்திருக்கும். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுவது என் பழக்கம் என்பதால், போகும்போது ஒரு ஓரம், வரும்போது மறு ஓரம்; இரண்டு முறையும் ஒரே கால்தான் தாழ்வில் இறங்கியது. ஒவ்வொரு சாலை மாரத்தானுக்குப் பிறகும் மூன்று வாரம் முழங்காலைத் தாஜா செய்துகொண்டிருந்தேன்.

டிரெயிலில் இரண்டு காலடி ஒன்றுபோல் விழுவதில்லை. கல், வேர், சேறு என்று கால் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி இறங்குவதால் சுமை பல தசைகளுக்குப் பிரிந்துவிடுகிறது. அதற்காக வலிக்காது என்று இல்லை. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். தசைக்கு அதிகச் சேதம் தரும் வேலை அது. முதல் டிரெயிலுக்கு இரண்டாம் நாள் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்கினேன். ஆனால் இந்த வலி ஐந்தாம் நாள் போய்விட்டது. தசை ஒருமுறை இறக்கத்துக்குப் பழகிவிட்டால் அடுத்த முறை அவ்வளவு நோவதில்லை. இரண்டாவது டிரெயிலில் அதை நன்றாகவே உணர்ந்தேன். முழங்கால் விஷயத்தில் அப்படியொரு பழக்கம் எனக்கு வரவே இல்லை.

டிரெயிலின் செலவு வேறு வகை. மூன்றாவது ஓட்டத்துக்கான பயிற்சியில் ஈரமான வேர் ஒன்றில் கணுக்கால் மடங்கி ஆறு வாரம் போனது. சாலையில் பாதிப்பு வட்டி போலக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. இங்கே அபராதம் போல ஒரே நொடியில் விழுந்தது. ஆறு வாரத்தைக் கணக்கில் சேர்த்தால் என் வாதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது, மறுக்கவில்லை. மூன்றே ஓட்டத்தை வைத்துப் பேசுகிறேன் என்பதும் நினைவில் இருக்கட்டும். இரவில் தலைவிளக்கோடு ஓடியதில்லை, உயரமான மலைத்தொடர்களில் ஓடியதில்லை. அதையெல்லாம் செய்தவர்கள் வேறு கதை சொல்லலாம்.

முதல் மாரத்தான் ஓடப்போகிறவர் கேட்டால் சாலையைத்தான் சொல்வேன். பாதை தவறாது, முடியவில்லை என்றால் நின்றுவிடலாம், கூட்டிப்போக வண்டி வரும். காட்டில் முடியவில்லை என்றாலும் அடுத்த உதவி மையம் வரை நடந்தே ஆக வேண்டும்.

சாலை ஷூவை நானும் தூக்கிப் போடவில்லை. வாரநாள் பயிற்சி இன்னும் தாரில்தான். வண்டி வராத சாலையாகப் பார்த்து, போன ஓரத்திலேயே திரும்பி வருகிறேன், இரண்டு காலுக்கும் தாழ்வு சமமாகக் கிடைக்கட்டும் என்று.