பாரிசில் பழைய ஸ்டாம்ப் வாங்கப் போகிறீர்களா? பில்லில் எழுதி வாங்குங்கள்

180 யூரோ கொடுத்து ஒரு போலி ஸ்டாம்ப் வாங்கி வந்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேலாகச் சேகரிக்கிறவன் என்று வெளியே சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். புதுச்சேரியிலிருந்து பாரிசுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற ஸ்டாம்ப் ஆட்கள் அந்தப் பக்கம் ஒரு நடை போகாமல் ஊர் திரும்புவதில்லை.

அந்தப் பக்கம் என்பது பசாஜ் தே பனோரமா. கிரான் புல்வார் மெட்ரோவில் இறங்கினால் இரண்டு நிமிட நடை. 1800 வாக்கில் திறந்த கூரைச் சந்து அது. தலைக்கு மேல் கண்ணாடி, இரண்டு பக்கமும் கடை, நடுவே நாலைந்து பேர் தோளுரசிப் போகிற அகலம். வாசலில் இருந்த இரண்டு வட்டக் கட்டடங்களுக்குள் ஊர்களைச் சுற்றிலும் வரைந்து காட்டினார்களாம், பெயர் அதிலிருந்து வந்தது. 1831-இல் அவற்றை இடித்துவிட்டார்கள், பெயர் மட்டும் நின்றுவிட்டது. 1817-இலேயே இங்கே கேஸ் விளக்கு எரிந்திருக்கிறது. இப்போது பாதிக்குமேல் சாப்பாட்டுக் கடைகள்தான். ஆனாலும் பழைய ஸ்டாம்ப், பழைய தபால் அட்டை விற்கிற சில கடைகள் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக ஆல்பங்களைப் பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. புத்தி போனது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

நான் தேடுவது பிரெஞ்சு இந்திய ஸ்டாம்ப் மட்டும். பிரம்மா படமும் காளி கோயில் படமும் போட்டு 1914-இல் வந்த வரிசை தெரிந்திருக்கும். 1923-இலிருந்து அவற்றில் ஃபனோன், காஷ் என்று விலை வந்தது. நம்முடைய பணமும் காசும்தான் பிரெஞ்சு வாயில் அப்படி ஆயின. எட்டு ஃபனோன் ஒரு ரூபாய், 24 காஷ் ஒரு ஃபனோன். 1940 செப்டம்பரில் புதுச்சேரி, ஹிட்லரிடம் பணியாமல் நின்ற பிரெஞ்சுத் தளபதி தெகோல் பக்கம் சேர்ந்தது. அதன்பின் 1941-இலிருந்து கையிருப்பில் இருந்த ஸ்டாம்ப்களின் மேல் ‘பிரான்ஸ் லிப்ர்’, அதாவது சுதந்திர பிரான்ஸ், என்று அச்சடித்து விற்றார்கள். இந்த மேலச்சு ஸ்டாம்ப்களில் சில நல்ல விலை போகும். விலை போவதால் போலியும் உண்டு. சாதாரண ஸ்டாம்ப்பை எடுத்து இரண்டு சொல் அச்சடித்தால் போதுமே! இதெல்லாம் தெரிந்தும்தான் ஏமாந்தேன்.

கடைக்காரர் நன்றாக ஆங்கிலம் பேசினார். புதுச்சேரி என்றதும் முகம் மலர்ந்து உள்ளேயிருந்து ஒரு கருப்பு அட்டையை எடுத்து வந்தார். தபால் முத்திரை குத்திய பிரம்மா, மேலே சிவப்பில் பிரான்ஸ் லிப்ர். முத்திரையில் ‘பாந்திஷெரி’ என்ற எழுத்து பளிச்சென்று தெரிந்தது. ஸ்டாம்ப்பின் அடிப்பக்கம் அட்டையின் பட்டைக்குள் செருகியிருந்தது. வெளியே எடுத்துப் பார்க்கலாமா என்றேன். ஓரப் பல் உடைந்துவிடும், வாங்கியபிறகு எடுங்கள் என்றார். விலைப் பட்டியல் புத்தகத்தைப் பிரித்து ஒரு எண்ணின்மேல் விரல் வைத்தார், 400 என்று. உங்களுக்கு 180 என்றார். அது முத்திரை குத்தாத ஸ்டாம்ப்புக்கான வரிசை என்பதை அறைக்குத் திரும்பித்தான் கவனித்தேன். அதுவும் போகட்டும், பட்டியல் விலைக்கு யாரும் விற்பதுமில்லை வாங்குவதுமில்லை என்று பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும்.

ராத்திரி அண்ணன் வீட்டில் (பெரியப்பா மகன், அங்கேயே குடியிருக்கிறார்) சாப்பாடு ஆனதும் இடுக்கியால் மெல்ல எடுத்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பட்டைக்குள் ஒளிந்திருந்த பாதி முத்திரையில் வருஷம் இருந்தது: 38. 1941-க்கு முன்னால் இல்லாத மேலச்சின்மேல் 1938-ஆம் வருஷ முத்திரை எப்படி விழும்? இன்னும் உற்றுப் பார்த்தால் சிவப்பு மை முத்திரையின் கறுப்புக்கு மேலே கிடந்தது. எப்போதோ தபாலில் போய் வந்த ஸ்டாம்ப்பின்மேல் யாரோ சாவகாசமாக உட்கார்ந்து அச்சடித்திருக்கிறார்கள்.

மறுநாள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். பேசியது அவர்தான். கடைக்காரர் அசரவில்லை. சுவரில் இருந்த அட்டையைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது, மாற்றித் தரப்படாது. அப்புறம் ஏதோ தயவு போல, 100 யூரோவுக்கு வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ‘பிரான்ஸ் லிப்ர் அசல்’ என்று நான் எப்போது சொன்னேன் என்று ஒரு கேள்வி வேறு. பில்லை எடுத்துப் பார்த்தோம். ‘ஸ்டாம்ப் – 180’. அவ்வளவுதான்.

பக்கத்தில் இன்னொரு கடைப் பெரியவரிடம் காட்டினோம். பத்து விநாடி பார்த்தார். பக்கத்துக் கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “பில்லில் எழுதித் தரச் சொல்லவில்லையா?” என்று மட்டும் கேட்டார். பிரான்சில் 1981 மார்ச் 3 தேதியிட்ட ஓர் அரசாணை இருக்கிறது. கலைப்பொருளும் சேகரிப்புப் பொருளும் விற்கிறவர், வாங்குகிறவர் கேட்டால், அது என்ன பொருள், எங்கிருந்து வந்தது, எந்தக் காலத்தது என்று தான் சொன்னதை பில்லில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். கேட்டால்தான். நான் கேட்கவில்லை. ஆன்லைனில் வாங்கினால் 14 நாளில் காரணம் சொல்லாமல் திருப்பலாம். கடைக்குள் போய் வாங்கினால் அந்த உரிமை கிடையாது. ஏமாற்றி விற்றார் என்று வழக்குப் போடலாம்தான். 180 யூரோவுக்கு யார் வக்கீல் வைப்பது?

அண்ணன் அரசாங்கத்தின் நுகர்வோர் புகார்த் தளமான சிக்னால்கோன்சோவில் புகார் பதிந்திருக்கிறார். பணம் திரும்பும் என்று நினைக்கவில்லை.

விலை கூடிய மேலச்சு ஸ்டாம்ப் என்றால் நிபுணர் சான்றிதழ் கேளுங்கள். அட்டையிலிருந்து வெளியே எடுத்து முன்னும் பின்னும் பார்க்க விடவில்லை என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். முத்திரையில் வருஷம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஷான்செலிசே பக்கம் மாரிஞி திறந்தவெளி ஸ்டாம்ப் சந்தைக்குப் போனோம். வியாழன், சனி, ஞாயிறு கூடுகிற சந்தை. 1914 வரிசை பிரம்மா ஒன்று 4 யூரோவுக்குக் கிடைத்தது. வருஷமும் அசல் என்றும் பில்லில் எழுதித் தாருங்கள் என்றேன். “நாலு யூரோவுக்குமா?” என்று சிரித்தார் அந்தக் கிழவர். ஆமாம் என்றேன். எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.