வைரஸ் எடுக்க சிஸ்டத்த கடையில குடுக்குறவங்க இத படிச்சிட்டு குடுங்க, எனக்கு 6,500 ரூபா போச்சு

தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் வீட்டுல கம்ப்யூட்டர் வச்சிருக்க எல்லாரும் படிங்க. வீட்டுக்காரர் கல்ஃப்ல இருக்காரு, பேங்க், மெயில், மகன் படிப்பு எல்லாமே எங்களுக்கு அந்த ஒரு சிஸ்டம்தான். கடை பேர சொல்லல, மார்த்தாண்டத்துல ஒரு சர்வீஸ் கடை.

பிரௌசர திறந்தா தானா வேற பக்கம் ஓடுது, "வைரஸ் இருக்கு, இந்த நம்பருக்கு கூப்பிடுங்க"ன்னு ஸ்கிரீன் முழுக்க வந்து கத்துது. அதனாலதான் தூக்கிட்டுப் போனோம். அந்த ஆளு எவ்வளவு தன்மையா பேசுனாரு தெரியுமா, சேர் போட்டு உக்கார வச்சு, "அக்கா ஒண்ணும் பயப்படாண்டாம், ஒரு போட்டோ கூட போவாது, என் வீட்டு சிஸ்டம் மாதிரி பாத்துத் தாரேன்"னாரு. கிளீன் பண்ணி, விண்டோஸ் புதுசா போட்டு, ஒரு வருஷ ஆன்டிவைரஸ், செக்யூரிட்டி செட்டிங், எல்லாம் சேத்து 6,500 ரூபா. திருப்பி வாங்கும்போது ஸ்கிரீன்ல ஒரு பெரிய பச்ச டிக் காட்டி "இனி எவனும் உள்ள வர முடியாது"ன்னு சொன்னப்ப மனசு நிறைஞ்சு போச்சு, அங்கயே ஜிபேல 6,500 அனுப்பிட்டேன்.

கொஞ்ச நாள்ல மகனோட இன்ஸ்டாகிராம்ல அவன் போடாத டிரேடிங் விளம்பரமா வருது, என் மெயில்ல வேற எங்கயோ இருந்து லாகின்னு அலர்ட். கடைக்கு போன் பண்ணா "பாஸ்வேர்ட மாத்துங்க அக்கா, சரியாயிரும்". அதே சிஸ்டத்துல உக்காந்து மாத்துனோம், மறுபடியும் உள்ள வந்துட்டான்.

லீவுக்கு வந்த அண்ணன் மகன் திறந்து பாத்தான், அவனுக்கே கை நடுங்கிச்சு. விண்டோஸ் புதுசா போடவே இல்ல, பழசு அப்படியே இருக்கு, மேல காசு குடுக்காம விண்டோஸ ஓட வைக்கிற திருட்டு ஆக்டிவேட்டர் ஒண்ணு. அத டிஃபெண்டர் (விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸ்) பிடிச்சிரும்லா, அதுக்காக டிஃபெண்டர ஆஃப் பண்ணி, எக்ஸ்குளூஷன்ல, அதாவது "இத செக் பண்ணாத"ன்னு விடுற லிஸ்ட்ல, சி டிரைவ் முழுசையும் சேத்து வச்சிருக்காங்க, அப்புறம் அத ஆன் பண்ணாலும் சி டிரைவ்ல எதையும் பாக்காது. நமக்குத் தெரியாம அட்மின் பவரோட ஒரு யூசர். நாம ஓகே குடுக்காமலே வெளிய இருந்து நுழையுற மாதிரி பாஸ்வேர்ட் செட் பண்ணுன ரிமோட் ஆப் வேற! ஆன்டிவைரஸ் டப்பாவுல சுரண்டுற இடம் முன்னாடியே சுரண்டியிருந்துது, அந்த கீய போட்டா லிமிட் முடிஞ்சுதுன்னு வருது. இதுக்குத்தான் 6,500 ரூபா.

நேர்ல போய் கேட்டா "அண்ணன் வெளிய போயிருக்காரு". அடுத்த தடவ "பில் கொண்டு வாங்க", பில்லே தராம! கடைசியா ஆளையே பிடிச்சு கேட்டப்ப "ரிமோட் ஆப் சர்வீஸுக்கு வச்சதுதான், உங்க பையன் எதையாவது கிளிக் பண்ணியிருப்பான்"னு முகத்த பாக்காம சொல்றாரு. என் பிள்ளைய குத்தம் சொல்ல 6,500 ரூபாயா?

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல கம்ப்ளெயின்ட் போட்டாச்சு, ஜிபே ரெக்கார்டும் வாட்ஸ்அப் மெசேஜும் என்கிட்ட இருக்கு. சரியாகலன்னா நாகர்கோவில் நுகர்வோர் கோர்ட், 5 லட்சம் வரைக்கும் பீஸ் கிடையாது. விட மாட்டேன்.

நிறைய எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல, இத மட்டும் பாத்துக்கோங்க. கடையில இருந்து வந்ததும் விண்டோஸ் செக்யூரிட்டியில எக்ஸ்குளூஷன் லிஸ்ட பாருங்க, யூசர் லிஸ்ட பாருங்க, தெரியாத ரிமோட் ஆப் இருந்தா நெட்ட பிடுங்கிருங்க. பாஸ்வேர்ட நல்ல போன்ல இருந்து மாத்துங்க, எல்லா டிவைஸ்லயும் லாக் அவுட் குடுங்க, டூ ஸ்டெப் (பாஸ்வேர்டோட இன்னொரு கோடும் கேக்குற செட்டிங்) போடுங்க. அண்ணன் மகன் அவன் லேப்டாப்ல விண்டோஸ் போடுற பென்டிரைவ் ரெடி பண்ணி டிஸ்க்க முழுசா அழிச்சு புதுசா போட்டான், போட்டோவும் டாக்குமென்டும் மட்டும்தான் எடுத்தோம், பழைய சாஃப்ட்வேர் ஒண்ணையும் திரும்ப ஏத்தல. டிஃபெண்டர் விண்டோஸோடயே ஃப்ரீயா வருது, அதுக்கு யாருக்கும் காசு குடுக்காதீங்க. பேங்க்ல இருந்து பணம் போனா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க. அதே கடையில குடுத்தவங்க யாராவது இருந்தா கமென்ட்ல சொல்லுங்க, சேந்து கம்ப்ளெயின்ட் குடுப்போம்.