ஸ்ப்ளெண்டர் பைக்குக்கு இன்ஜின் ஆயில் 10டபிள்யூ30-ஆ, 20டபிள்யூ50-ஆ? நம்ம வேலூர் வெயிலுக்கு எது சரி

வேலூர் பக்கம் எந்த மெக்கானிக் கடைக்குப் போனாலும் இத கேட்டிருப்பீங்க, "நைனா, 10டபிள்யூ30 தண்ணி மாதிரி, நம்மூரு வெயிலுக்கு 20டபிள்யூ50 ஊத்திக்கோ, கெட்டியா நிக்கும்"னு. நானும் நம்பி ரெண்டு வருஷம் ஸ்ப்ளெண்டர்ல அத்தயேதான் ஊத்திக்கினு இருந்தேன். குடியாத்தத்துலருந்து வேலூருக்கு டெய்லி போக வர 60 கிலோமீட்டருக்கு மேல ஓட்டுறேன், சின்ன மாற்றம்னாலும் தெரிஞ்சிரும். காலையில கிக்கர் கனமா இருக்கும், பிக்கப் மந்தம், மைலேஜும் அடி வாங்குச்சி. திரும்ப கம்பெனி சொன்ன 10டபிள்யூ30 ஊத்தினப்புறம் வண்டி லேசா ஆயிடுச்சி.

பின்னாடி இருக்கிற 30, 50 எல்லாம் ஆயில் 100 டிகிரி சூட்டுல எவ்ளோ கெட்டியா இருக்குன்னு அளந்து சொல்ற நம்பர். அக்னி நட்சத்திரத்துல வெளிய 42 அடிச்சா ஏர் கூலிங் இன்ஜின்ல ஆயில் சூடும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், ஆனா இந்தியாவுல விக்கிற வண்டிக்கு இந்த வெயிலயும் சேத்துதான் கம்பெனிக்காரன் கிரேடு சொல்றான். ரெண்டுக்கும் நடுவுல 20டபிள்யூ40 ஒண்ணு இருக்கு, பழைய வண்டி, ஆயில் குடிக்குதுன்னா அத போட்டு பாக்கலாம், நல்லா இருக்கிற இன்ஜினுக்கு தேவையில்ல. இதே 20டபிள்யூ50 என் தம்பி பல்சர் 150-க்கு கரெக்ட், அதோட மேனுவல்லயே அதான் போட்டிருக்கு. வண்டியப் பாத்து ஊத்துங்க, வெயில பாத்து ஊத்தாதீங்க.

அடுத்தது மினரலா (கச்சா எண்ணெய சுத்திகரிச்சி எடுக்கிற சாதா ஆயில்) சிந்தெடிக்கா (ஃபேக்டரியில தனியா தயாரிக்கிற ஆயில்). மோட்டுல் 7100 மாதிரி ஃபுல் சிந்தெடிக் தரத்துல கொறையே சொல்ல முடியாது, சூட்ட நல்லா தாங்கும், சீக்கிரம் கெட்டுப் போகாது. ஆனா விலை மினரலுக்கு ரெண்டு மடங்குக்கு மேல, அந்த காச எடுக்கணும்னா ரொம்ப தூரம் மாத்தாம ஓட்டணும், ஸ்ப்ளெண்டர்லயோ கார்ல இருக்கிற மாதிரி பேப்பர் ஃபில்டரே கிடையாது, ஒரு வலையும் சுத்துற ஃபில்டரும்தான், அழுக்கு ஆயில்லயே சுத்திக்கினு இருக்கும். அதனால 100 சிசிக்கு நான் மினரல்தான் சொல்லுவேன், மேனுவல்ல 6000 கிலோமீட்டர்னு இருந்தாலும் 3000-க்கே மாத்திடுறேன், பாலாத்து மணல் ரோட்ல ஓட்டுற வண்டிக்கு அதான் நல்லது. புல்லட்டு, ஹைவேல பெங்களூரு வரைக்கும் விரட்டுற வண்டின்னா செமி சிந்தெடிக், ஃபுல் சிந்தெடிக் எல்லாம் தாராளமா போடலாம்.

இதவிட முக்கியமானது டப்பா பின்னாடி இருக்கிற சின்ன எழுத்து. ஜேசோ (JASO, ஆயிலுக்கான ஜப்பான் தரக்குறி) எம்ஏ (MA) அல்லது எம்ஏ2-ன்னு இருக்கணும். போன வருஷம் ஒரு கடையில அவசரத்துல ஸ்கூட்டர் ஆயில ஊத்தி அனுப்பிட்டாங்க, அதுல எம்ஏ-வுக்கு பதிலா எம்பின்னு (MB) போட்டிருக்கும், நானும் கவனிக்கல. அந்த வாரமே வீட்டுக்காரிய பின்னாடி உக்கார வச்சிக்கினு ஏலகிரி ஏறினேன். 14 கொண்டை ஊசி வளைவுல நாலாவது தாண்டுறதுக்குள்ள ஆக்ஸிலேட்டர முறுக்கினா இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி நகரமாட்டேங்குது. "இன்னாங்க ஆச்சி, எறங்கட்டுமா"ன்னு அவ கேக்குறா, எனக்கு கை நடுங்கிடுச்சி, பின்னாடி பஸ் வேற வந்துக்கினு இருந்துச்சி. பைக்ல கிளட்ச் தட்டு அதே ஆயில்லதான் மூழ்கி கிடக்கு, எம்பி ஆயில் வழுக்கல் ஜாஸ்தி, தட்டு புடிக்காம வழுக்கிடும். ஸ்கூட்டர்ல கிளட்ச் தனியா காஞ்சி இருக்கிறதால அதுக்கு ஒண்ணும் ஆவாது. கார் ஆயில ஊத்துறதும் இதே ரிஸ்க்குதான். மெதுவா ஊருக்கு எறக்கி, எம்ஏ ஆயில் ரெண்டு தரம் மாத்தினப்புறம்தான் புடிப்பு முழுசா வந்துச்சி.

இப்ப நான் வாங்குறது ஹீரோ கம்பெனியோட 10டபிள்யூ30, 900 மில்லி டப்பா. மூடி சீல் உடையாம இருக்கான்னு பாத்து, என் கண்ணு முன்னாடியே தொறக்க சொல்லுவேன், காலி டப்பாவ கத்தியால கிழிச்சிட்டுதான் வருவேன், இல்லன்னா அதுலயே டூப்ளிகேட்ட நிரப்பி வித்துடுவாங்க. ஊத்தினதும் ரெண்டு மூணு நிமிஷம் ஓட விட்டு ஆஃப் பண்ணி, சம தரையில சென்டர் ஸ்டேண்ட் போட்டு கொஞ்ச நேரம் விட்டு, டிப்ஸ்டிக்க (ஆயில் அளவு பாக்குற குச்சி) தொடச்சிட்டு மரைய சுத்தாம சும்மா உள்ள எறக்கி எடுங்க, மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவுல ஈரம் தெரியணும். முழுசா சுத்தி எறக்கிட்டா ஆயில் கம்மியா இருந்தாலும் நெறைய இருக்கிற மாதிரி காட்டும்.